காலேஜ் புத்தகத்தில் என் படம்

இந்த மாதத்தில் மட்டும் மூன்று தாய்மார்கள் என் வீடு தேடி வந்துவிட்டார்கள். மூன்று பேர் கையிலும் ஒரே புத்தகம். வழவழவென்று, கல்யாணப் பத்திரிகையைவிடக் கனமாக. அதன் நாலாம் பக்கத்தில் நான் இருக்கிறேன். தோளில் பொன்னாடை, கையில் பூச்செண்டு, வாயெல்லாம் பல். கீழே என் பெயரைப் போட்டு, நான் இந்தக் காலேஜின் படிப்பைப் பாராட்டுவதாக எழுதியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"நீங்களே நல்லாருக்குன்னு சொல்லிருக்கீகளே அக்கா. அதான் பிள்ளையச் சேத்துரலாம்னு வந்தோம்" என்கிறார்கள்.

படத்தில் இருப்பது நான்தான். பாராட்டியதும் நான்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அந்தப் புத்தகத்தில் போடவில்லை. வந்த மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மூன்றாவது ஆளுக்குச் சொல்லி முடித்ததும் தலை கிறுகிறுவென்று வந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்க என் உடம்பில் ரத்தம் இல்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத நேரமாகும். ஆகட்டும். ஒருமுறை எழுதிவிட்டால் வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடலாம்.

நான் பார்த்த வேலைக்கு எங்கள் பக்கம் ஏஜெண்டு என்று பெயர். பங்குனி, சித்திரை, வைகாசியில் கோயில் பொங்கலுக்குக் கரகாட்டமும் நாடகமும் நையாண்டி மேளமும் வைப்பார்கள். ஆடுகிற கூட்டத்தைச் செட்டு என்போம். அந்தச் செட்டுக்கும் ஊர் விழாக் கமிட்டிக்கும் நடுவில் நின்று தேதி பேசி முடித்து, ஆட்களைக் கொண்டுபோய் இறக்கி, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது ஏஜெண்டு வேலை. இப்போது அதற்குத்தான் பெரிய பெயராக வைத்துக் காலேஜில் பட்டம் கொடுக்கிறார்கள். ஆர்ட்ஸ் அண்டு என்டர்டெயின்மெண்ட் மேனேஜ்மெண்ட். இதைச் சரியாகச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அருப்புக்கோட்டையில் ஒரு சைக்கிள் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி பெயர் காசிராசன். பருத்தி எடுக்கப் போய்க்கொண்டிருந்த என்னை அந்த அறையைக் கூட்டித் தண்ணீர் பிடித்து வைக்கத்தான் சேர்த்தார். நாலு வருஷம் கூட்டினேன். கை கூட்டினாலும் காது சும்மா இல்லை. எந்த ஊருக்கு எந்தச் செவ்வாய் காப்புக் கட்டு, எந்தப் புதன் பொங்கல், எந்த ஊருக்குள் வேன் போகும், எந்த ஊருக்கு ஓடை தாண்டி நடக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. ஒரு பங்குனியில் முதலாளியின் டைரி மழைத் தண்ணீரில் ஊறி, மை கரைந்து, ஒரு தேதியும் தெரியாமல் போனது. மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு முதல் தேதியிலிருந்து கடைசித் தேதிவரை சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். எழுதி முடித்ததும், "அந்தச் சேரை இழுத்துப் போட்டு ஒக்காரு" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவள் முப்பத்தைந்து வருஷம் கழித்து முழங்கால் போன பிறகுதான் எழுந்தேன்.

முதலாளி அதிகம் பேச மாட்டார். கமிட்டிக்காரர்கள் வந்தால் முதலில் ஆல்பத்தைத்தான் கேட்பார்கள். அவர் அதை எடுத்து, கேட்டவர்கள் பார்க்கப் பார்க்கத் தன் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்.

"எந்த ஊர்ல பாத்தீக?" என்பார்.

"எதை அண்ணாச்சி?"

"செட்டை. இந்தச் செட்டு ஆடி எந்த ஊர்ல பாத்தீக?"

"அதான் போட்டோவக் குடுங்க, பாத்துக்கிறோம்ங்கிறோம்ல."

"போட்டோவுக்குக் கால் வலிக்காது தம்பி. நேர்ல போயிப் பாத்துட்டு வாங்க."

"என்ன அண்ணாச்சி, பொண்ணா பாக்கப் போறோம்?"

"பொண்ணு பாக்கப் போனா பஜ்ஜியத் தின்னுட்டு ஒரு மணி நேரத்துல எந்திரிச்சு வந்துருவீக. இது அப்படியில்ல. கடைசிப் பெட்டி வண்டில ஏறுற வரைக்கும் நிக்கணும்."

அவர் ஆபீஸில் அதுதான் முறை. கமிட்டியிலிருந்து இரண்டு பேர், செட்டு வேறு ஊரில் ஆடும்போது சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும். பின்னால் நின்று பார்க்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிடக் கூடாது. முதல் அரை மணி யார் வேண்டுமானாலும் நன்றாக ஆடலாம். கடைசி அரை மணியில் எப்படி ஆடுகிறார்கள், ஆடி முடித்த பெண்களுக்கு யார் தண்ணீர் கொடுக்கிறார்கள், செட்டுத் தலைவர் முதலில் சாப்பிடுகிறாரா கடைசியில் சாப்பிடுகிறாரா, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வர வேண்டும். வந்து, சரி என்று பட்டால் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து மாற்றிக்கொள்வார்கள். மாற்றிய பிறகு பேச்சு கிடையாது. மழை பெய்தாலும் சரி, வேறு செட்டு மலிவாகக் கிடைத்தாலும் சரி, வெற்றிலை மாற்றியது மாற்றியதுதான். செட்டும் சீசனுக்கு நடுவில் கழன்றுகொள்ள முடியாது. முதலாளி இறந்து நான் தனியாகப் பார்த்த காலத்திலும் மாற்றிய வெற்றிலையை நான் திருப்பியதே இல்லை. இந்தப் பெருமைதான் பிற்பாடு என் கண்ணைக் கட்டியது.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம், இப்போது நன்றாகத்தான் இருக்கிறார்கள். பொம்பளை ஆட்கள் உடை மாற்ற அறை இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வேன் போய் நின்றது. உள்ளே ஆடுகிற பெண்கள் நாலு பேர். அதில் வேலம்மா என்பவள் ஆறு மாதக் கைக்குழந்தையோடு இருந்தாள். நான் இறங்கிப் போய் அறையைப் பார்த்தேன். பழைய ரேஷன் கடை. மூன்று பக்கம் சுவர் இருந்தது. முன்பக்கம் கதவே இல்லை. யாரோ ஒரு பிள்ளையின் காதுகுத்துக்கு அடித்த பிளெக்ஸைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றுக்கு அது படபடவென்று தூக்கித் தூக்கி அடித்தது. எதிரில் இளவட்டங்கள் பத்து இருபது பேர் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள், ஆட்டத்துக்கு முன்னாலேயே ஆட்டம் பார்க்க.

"கதவு எங்க?" என்று கேட்டேன்.

கமிட்டித் தலைவர், "முன்ன வந்த செட்டெல்லாம் இதுலதான்மா மாத்துச்சு" என்றார்.

"அவுக மாத்துனது அவுக பாடு. கதவு வரட்டும், இறங்குறோம்."

"இந்நேரத்துல கதவுக்கு எங்கம்மா போக?"

"உங்க வீட்டுக்குக் கதவு இல்லையா?"

உட்கார்ந்திருந்ததில் ஒருவன், "ஆட வந்தவளுகளுக்கு எதுக்குலே கதவு?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேனுக்குள் ஏறி, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டேன். பங்குனி வெயிலில் வேன் அடுப்பாகக் கொதித்தது. வேலம்மாவின் பிள்ளை கத்த ஆரம்பித்தது.

"அக்கா, சேலையப் பிடிச்சுக்கிட்டு மாத்திக்கிருவோம். எத்தனை ஊர்ல மாத்தலையா? வம்பு எதுக்கு?" என்றாள் வேலம்மா.

"அத்தனை ஊர்லயும் மாத்துனதுனாலதான்டி இந்த ஊர்லயும் கதவு இல்ல. பேசாம ஒக்காரு."

ஒரு மணி நேரம் ஆனது. தலைவர் வந்து மிரட்டினார், பிறகு கெஞ்சினார். மேளக்காரர்களே என்னை முறைத்தார்கள். கடைசியில் தலைவரின் சம்சாரம் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தது. வேன் ஜன்னல் வழியாகப் பிள்ளையைப் பார்த்தது. திரும்பிப் போய்ப் புருஷனிடம் என்ன சொன்னதோ, தெரியாது. கொஞ்ச நேரத்தில் நாலு பேர் அவர்கள் வீட்டில் தானியம் போட்டு வைக்கும் தவச அறைக் கதவைக் கீலோடு கழற்றித் தோளில் தூக்கி வந்தார்கள். ஆசாரி வந்து நிறுத்தினார்.

"இப்ப இறங்குவீகளா தாயே?" என்றார் தலைவர்.

"உள்தாழ்ப்பாள்?" என்றேன்.

தலையில் அடித்துக்கொண்டு அதையும் அடித்துக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் இறங்கினோம். அன்றைக்கு வேலம்மா ஆடியதைப்போல அவள் அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. அந்த நாளிலிருந்து எந்தக் கமிட்டி வந்தாலும் அறை இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. கதவு இருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டேன். இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கப் பட்டப் படிப்பு வைப்பவர்கள் மேடையில் எத்தனை லைட்டு என்பதை அப்புறம் சொல்லிக்கொடுக்கட்டும். முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இது.

அந்த வேனில் கத்திய பிள்ளைதான் பாண்டிமீனா. என்னை அக்கா என்று அவள் அம்மா கூப்பிடுவதால் அவளுக்கு நான் பெரியம்மா. வேலம்மா ஆட்டத்தை விட்டுவிட்டுச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கப் போனாள். நானும் அவள் ஊரான மல்லாங்கிணற்றுக்கே குடி வந்துவிட்டேன். பாண்டிமீனா பன்னிரண்டாவதில் நல்ல மார்க்கு வாங்கிவிட்டு வந்து நின்றாள்.

"பெரியம்மா, நான் ஆட மாட்டேன். உங்க வேலையப் பாக்கப் போறேன். ஆனா படிச்சுட்டுத்தான் பாப்பேன்" என்றாள்.

படித்தால் கோயில் பொங்கலோடு நிற்க வேண்டியதில்லையாம். பெரிய ஊர்களில் அரங்கம் இருக்கிறது, அரசாங்க விழா இருக்கிறது, மியூசியம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டுமாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வேலம்மா, "எனக்கு என்னக்கா தெரியும்? நீங்க கை காட்டுங்க, நான் கண்ண மூடிக்கிட்டுச் சேத்துர்றேன்" என்றாள்.

அந்த வாரமே ஒரு கார் வந்து நின்றது. அந்தக் காலேஜின் ஆள். டை கட்டியிருந்தார், சின்ன வயது. வெயிலில் வேர்த்து வழிந்தும் டையைத் தளர்த்தவில்லை. என்னைப் பார்த்ததும், "மேடம், உங்களப் பத்தி நெறைய கேள்விப்பட்டிருக்கோம்" என்றார். என்னை அதுவரை ஒருவரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அக்கா என்பார்கள், ஏஜெண்டம்மா என்பார்கள், கோபம் வந்தால் வேறு மாதிரியும் சொல்வார்கள். "உங்கள மாதிரி அனுபவம் உள்ளவங்க எங்க ஸ்டூடன்ட்ஸ்க்கு வந்து கிளாஸ் எடுக்கணும் மேடம்" என்றார். பையிலிருந்து பொன்னாடையை எடுத்தார். போர்த்தினார். பூச்செண்டைக் கொடுத்தார். போட்டோ எடுத்தார். பிறகு புத்தகத்தை விரித்தார். மேடை, புகை, நீல லைட்டு, வரிசையாகக் கருப்புக் கோட்டுப் போட்ட பிள்ளைகள்.

பார்த்தேன். போட்டோவைப் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர்களைப் போட்டோ பார்க்க விடாதவள் பார்த்தேன்.

ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஹாஸ்டல்ல பொம்பளப் பிள்ளைக ரூமுக்குக் கதவு நல்லாருக்கா?"

"விரல் வச்சாத்தான் மேடம் தெறக்கும்" என்றார்.

அப்படியே மயங்கி, நல்ல படிப்பு என்று அவரிடம் பாராட்டியும் விட்டேன். வேலம்மாவைக் கூப்பிட்டு வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் சொல்லி, நானே மாற்றினேன். அந்தத் தம்பிக்கு அது என்ன என்றே தெரியவில்லை. தட்டை வாங்கி அதையும் ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனார். வேலம்மா இருந்த ஒரு சங்கிலியை வங்கியில் அடகு வைத்து ஃபீஸ் கட்டினாள். பிள்ளையின் சர்ட்டிபிகேட் எல்லாவற்றையும், ஒரிஜினலையே, காலேஜ் ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

முதல் மாதம் போன் வந்தது. "பெரியம்மா, இந்தப் பாடம் தெரிஞ்ச வாத்தியாரே இல்ல. கணக்குப் பாடம் நடத்துறவர் வந்து போனைப் பாத்து வாசிக்கிறாரு. நாங்க எழுதிக்கிறோம். புத்தகத்துல இருந்த மேடை எங்க காலேஜு மேடையே இல்ல."

"வெத்தல மாத்தியாச்சு ஆத்தா. சீசன் முடியாம செட்டு பாதில திரும்பக் கூடாது" என்றேன்.

மூன்றாம் மாதம் மறுபடியும் போன். "பிராக்டிக்கல்னு சொல்லிட்டுக் கல்யாண மண்டபத்துல தண்ணி கேன் தூக்க விடுறாக."

"நான் நாலு வருசம் கூட்டிப் பெருக்குனேன்" என்றேன். இதைச் சொன்ன வாயை இன்றைக்கும் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. நான் கூட்டினேன், ஆனால் கூட்டுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நான் காசு கொடுத்துக் கூட்டவில்லை.

பிறகு அவள் என்னிடம் எதுவும் சொல்வதை விட்டுவிட்டாள். சித்திரைப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது வேலம்மா அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினாள். பிள்ளையின் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். லோடு ஏற்றுகிற ஆளின் கையைப்போல் காய்த்துப்போயிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செய்திருக்க வேண்டியதை ஒரு வருஷம் கழித்துச் செய்தேன்.

வைகாசி முகூர்த்தத்தில் அந்தக் காலேஜ் பிள்ளைகளுக்கு ஒரு மண்டபத்தில் பிராக்டிக்கல் என்று தெரிந்தது. யாருக்கும் சொல்லவில்லை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, விருதுநகரில் இறங்கி, இன்னொரு பஸ் மாறிப் போனேன். கல்யாண வீட்டார் மாதிரி உள்ளே போய்ப் பந்திப் பக்கம் ஒரு தூணோரம் நின்றுகொண்டேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. வாசலில் எட்டுப் பிள்ளைகள் பன்னீர் தெளித்தார்கள். மற்றவர்கள் நாற்காலி தூக்கினார்கள், இலை எடுத்தார்கள். சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரும் வரவில்லை. மண்டப மேனேஜரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இந்தப் பிள்ளைகளுக்கு என்ன கூலி தம்பி?"

"கூலியா? காலேஜ்ல இருந்து அனுப்புறாங்கம்மா. அவங்களுக்குப் படிப்பு, எங்களுக்கு ஆள் கூலி மிச்சம்."

முகூர்த்தம் முடிந்ததும் பிள்ளைகள் கருப்புக் கோட்டு உடுப்பை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். எங்கே மாற்றுகிறார்கள் என்று பின்னாலேயே போனேன். மண்டபத்துக்குப் பின்பக்கம் ஜெனரேட்டர் வைத்திருந்த தகரக் கொட்டகை. கதவு கிடையாது. எதிரில் சமையல்காரர்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் உள்ளே ஒவ்வொருவராக மாற்றினார்கள்.

துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றது பாண்டிமீனா.

என்னைப் பார்த்தாள். கையை இறக்கவில்லை. கடைசிப் பிள்ளை வெளியே வரும்வரை பிடித்துக்கொண்டுதான் நின்றாள். நானும் கடைசி நாற்காலி வண்டியில் ஏறும்வரை நின்றேன். மூன்றாம் வருஷம் படிக்கிற ஒரு பிள்ளையிடம், "உங்களுக்கு முன்ன படிச்சு முடிச்சவுகள்லாம் எங்க இருக்காக ஆத்தா?" என்று கேட்டேன்.

"ஜவுளிக்கடைல கொஞ்சப் பேரு, சிம் கார்டு விக்கிறவுக கொஞ்சப் பேரு. ஒரு அண்ணன் மட்டும் நம்ம காலேஜுலயே இருக்காரு."

"வாத்தியாராவா?"

"இல்ல. புதுசாப் பிள்ளை சேக்குற வேலை. டை கட்டிக்கிட்டு வருவாருல்ல, அவருதான்."

மறுநாள் பாண்டிமீனாவையும் வேலம்மாவையும் கூட்டிக்கொண்டு காலேஜ் ஆபீஸுக்குப் போனேன். புதுப் பிள்ளைகள் சேர்கிற சமயம், கூட்டம். சர்ட்டிபிகேட்டைக் கொடுங்கள், பிள்ளையைக் கூட்டிப் போகிறோம் என்றேன். ஆபீஸ் மேனேஜர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிட்டுப் போங்க."

பாண்டிமீனா முன்னால் வந்தாள். "ஒரிஜினலப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு சார். நான் அதப் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"ரூல் போட்டவங்ககிட்டயே போயி வாங்கிக்கம்மா" என்றார்.

வேலம்மா அழ ஆரம்பித்தாள். எனக்கு அந்தப் பழைய வேன் ஞாபகம் வந்தது. ஒரு நாற்காலியை இழுத்தேன். ஆபீஸ் வாசல் நிலைக்குப் பக்கத்தில், உள்ளே போகிறவர்கள் என் முழங்காலில் இடித்துக்கொண்டுதான் போக முடியும் என்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது வீரசோழன் ஊரிலிருந்து ஒரு பாய், மகளைக் கூட்டிக்கொண்டு. கையில் அதே புத்தகம்.

"எந்த ஊர்ல பாத்தீக பாய்?" என்றேன்.

"என்னத்தம்மா?"

"இந்தக் காலேஜுப் பிள்ளைக வேலை பாத்து எங்கயாச்சும் பாத்தீகளா?"

"இல்லம்மா. புத்தகத்துல பாத்தோம்."

ஜெனரேட்டர் கொட்டகையைப் பற்றிச் சொன்னேன். பாண்டிமீனாவின் கையைத் திருப்பிக் காட்டினேன். அவர் மகளைப் பார்த்தார். படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "வாம்மா. முதல்ல போயிப் பாத்துட்டு வருவோம்" என்று திரும்பிவிட்டார். அடுத்து ஓர் ஆசிரியர், அடுத்து ஒரு பலசரக்குக் கடைக்காரர். எல்லாரிடமும் அதே கேள்வி. ஒருவர்கூடப் பார்த்திருக்கவில்லை. சிலர் என்னைத் திட்டிவிட்டு உள்ளே போனார்கள். பாதிப் பேர் திரும்பினார்கள்.

டை கட்டிய தம்பி ஓடி வந்தார். "மேடம், ப்ளீஸ், உள்ள வந்து ஒக்காருங்க. ஏசி இருக்கு."

"எனக்கு வாசக் காத்து போதும்."

"போலீஸக் கூப்பிடச் சொல்றாங்க மேடம்."

"கூப்புடுங்க. அவரும் பிள்ளையப் பெத்தவராத்தான் இருப்பாரு. எந்த ஊர்ல பாத்தீகன்னு அவருகிட்டயும் கேக்குறேன்." பிறகு குரலைத் தணித்துக் கேட்டேன். "தம்பி, ஒரு பிள்ளையச் சேத்தா உங்களுக்கு என்ன குடுக்குறாக? நானும் ஏஜெண்டுதான். என் கமிஷன் என்னன்னு ரெண்டு பக்கமும் வாய்விட்டுச் சொல்லித்தான் வாங்குனேன். நீங்க சொல்லுங்க, பாப்போம்."

அவர் டையைத் தளர்த்தினார். அவர்மேல் எனக்குக் கோபம் பாதிதான். அவரும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்தானே. அவரைச் சேர்த்து, பட்டம் கொடுத்து, இன்னொரு பிள்ளையைப் பிடித்து வா என்று அனுப்புகிறார்களே, அவர்கள்மேல்தான் முழுக் கோபமும்.

மூன்றரை மணிக்கு சர்ட்டிபிகேட் உறை வந்தது. பாண்டிமீனா அங்கேயே பிரித்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். பத்தாவது, பன்னிரண்டாவது, டி.சி., சாதிச் சான்று. எல்லாம் இருந்தது. நான் எதிரில் இருந்த பெட்டிக்கடைக்குப் போய் வெற்றிலையும் பாக்கும் வாங்கிவந்து மேனேஜர் மேஜைமேல் வைத்தேன்.

"என்ன இது?" என்றார்.

"திருப்பிட்டேன்" என்றேன். என் வாழ்நாளில் திருப்பியது அது ஒன்றுதான்.

பஸ்ஸில் பாண்டிமீனா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "நான் பாக்காமக் கை காட்டிட்டேன் ஆத்தா" என்றேன். "ஒரு வருசம் போச்சு பெரியம்மா" என்றாள். அவ்வளவுதான். சங்கிலியை மீட்டுவிடலாம், அந்த வருஷத்தை யார் மீட்பது?

அடுத்த காலேஜை அவளே தேடினாள். என்னைக் கேட்கவில்லை. கேட்காததுதான் சரி. அரசு உதவி பெறுகிற பழைய காலேஜ். அதற்கு வழவழப்பான புத்தகம் கிடையாது, சுவரில் ஒரு நோட்டீஸ்தான் ஒட்டியிருந்ததாம். கட்டணம் முன்பு கட்டியதில் கால்வாசிகூட இல்லை. வாத்தியார்களில் ஒருவர் நாடகக் கம்பெனியில் மேடை வேலை பார்த்தவர், இன்னொருவர் அரங்கம் நடத்தியவர். இதெல்லாம் அவள் பிற்பாடு சொன்னது. சேர்வதற்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து இதை மட்டும்தான் சொன்னாள்:

"அந்தப் பிள்ளைக நடத்துன ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. கடைசி வரைக்கும் நின்னு பாத்தேன்."

"சாப்பிடக் கூப்பிட்டாகளா?"

"கூப்பிட்டாக. போகல."

"கதவு இருந்துச்சா?"

"இருந்துச்சு. உள்ள போயித் தாழ்ப்பாளப் போட்டும் பாத்தேன்."

இப்போது அங்கேதான் படிக்கிறாள். இந்தச் சித்திரையில் இரண்டு ஊர்த் திருவிழாவுக்கு வாத்தியாரோடு போய் வேலை பார்த்திருக்கிறாள். கையில் இன்னும் காய்ப்பு மறையவில்லை.

இவ்வளவும் நடந்த பிறகு இந்த வருஷம் அந்தக் காலேஜ் என் படத்தைப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. வாசலில் உட்கார்ந்து கேள்வி கேட்டவளின் படத்தையே. எடுங்கள் என்று நேரில் போய்ச் சொன்னேன். "அடிச்சாச்சும்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்கள். அடுத்த வருஷத்துக்குள் எத்தனை பிள்ளைகள் அந்தக் கொட்டகையில் துப்பட்டா பிடிக்க வேண்டுமோ.

என்னிடம் கேட்க வருகிறவர்களுக்கு எந்தக் காலேஜ் என்று இனி நான் சொல்ல மாட்டேன். அந்தத் தகுதியை நானே போக்கிக்கொண்டேன். போய்ப் பாருங்கள். சொல்லாமல் போங்கள். கடைசி நாற்காலி ஏறும்வரை நில்லுங்கள். அதற்கு முன்னால் வெற்றிலைத் தட்டை எடுக்காதீர்கள். நாலாம் பக்கத்தில் பொன்னாடை போட்டுக்கொண்டு சிரிக்கிறாளே, அவளை மட்டும் நம்பிவிடாதீர்கள். அவளுக்குக் கால் வலிக்காது.